ஆளுக்குப் பாதி மோதிரம்

உத்திரமேரூர்,
9 ஜூன் 2024

அன்புத் தங்கை மேரிக்கு,

அக்கா சோபியா எழுதுவது. நைனா, அம்மா, நான், ஆடு இரண்டு, எல்லாரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டிக்கொள்வதாக எழுதச் சொன்னது அம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்பது நான்.

நீ திண்டுக்கல் கன்னியர் மடத்துக்குப் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் கூடாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று உங்கள் மதர் சொன்னபோது நைனா பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். பேனா பிடிக்க வேண்டியது நானல்லவா? லேபில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதைத் தவிர நான் எழுத்து வேலை பார்த்து வருஷக்கணக்காகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். அருள்தாஸ் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். ஒரகடத்தில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அதே அருள்தாஸ்தான், நீ 'பேசாமடந்தை' என்று பெயர் வைத்தாயே, அவர். நவம்பரில் நிச்சயதார்த்தம்.

பெண்ணுக்கு மோதிரம் மாப்பிள்ளை வீட்டில் போடுவார்கள், மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் போடுவார்கள். நாங்கள் அப்படிச் செய்யப்போவதில்லை. இரண்டு மோதிரத்தையும் ஒன்றாக வாங்கி, செலவை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்கிறோம். நான் சொன்னதும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. உனக்கும் நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் பாதிக்குச் சம்பளத்தில் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது. மீதிக்கு உன் கம்மல். மடத்தில் நகை கூடாதென்று நீ கழற்றி, "உனக்கு மோதிரம் போடறப்ப இத்தச் சேத்துக்க" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனாயே, அதுதான். எத்தனை முறை அடகுக்கடைக்குப் போய்வந்த கம்மல்! நடவு இல்லாத மாதங்களில் நம் கம்மல் சேட்டிடம் போகும், அம்மா நம் காதில் வேப்பங்குச்சியைச் சொருகுவாள். கம்மல் திரும்பி வருகிற வரைக்கும் அந்தக் குச்சிதான் நமக்கு நகை. இனி அது எந்தக் கடைக்கும் போகாது. என் விரலில் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சோபியா

*

திண்டுக்கல்,
7 ஜூலை 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் நம் வீட்டில் தங்கட்டும். நான் நலம். நைனாவின் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உன் கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் தந்தார்கள். இங்கே வருகிற கடிதமும் போகிற கடிதமும் அப்படித்தான். 'பேசாமடந்தை' என்ற இடத்தில் மதர் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

காலையில் ஜெபம், பிறகு தோட்டம், பிறகு பாடம். என்னோடு சேர்ந்த பெண்கள் நல்லவர்கள். பாத்தி கட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஊரில் அம்மாவோடு வயல் வேலைக்குப் போகும்போது திட்டு வாங்கியே கற்றுக்கொண்டது, இங்கே பாராட்டு வாங்கித் தருகிறது. மடத்துக்குப் பின்னால் ஒரு ரோடு இருக்கிறது. பஸ் சத்தம் கேட்டால் எந்த ஊர் பஸ்ஸாக இருக்கும் என்று யோசனை ஓடுகிறது. ஜெப நேரத்தில் அப்படி ஓடக்கூடாது. ஓடுகிறது.

அருள்தாஸ் அத்தானுக்கு என் வாழ்த்து. பாதிப் பாதி என்று நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். இப்படியும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கம்மலை எப்போது உருக்கக் கொடுக்கப் போகிறாய்? ஆடி மாதம் வருகிறது. நாம் வேதக்காரர்கள், ஆடி பார்க்க வேண்டியதில்லைதான். ஆனால் ஆசாரி பார்ப்பார் இல்லையா? அவசரப்பட வேண்டாம்.

எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன்.

தங்கை,
மேரி

*

உத்திரமேரூர்,
28 ஜூலை 2024

அன்பு மேரிக்கு,

இங்கே எல்லாரும் நலம், வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நைனா இருமுவதை நிறுத்திவிட்டு இப்போது என்னைத் திட்டுகிறார்.

மோதிர விஷயம் வெளியே வந்துவிட்டது. அருள்தாஸின் அம்மா நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "பொண்ணு கைக்காசுல என் புள்ள மோதிரம் வாங்கி மாட்டுவானா? நாங்க இன்னா அவ்ளோ கேடுகெட்டா பூட்டோம்?" என்று ஒரே சத்தம். காபியைக் குடித்துவிட்டுத்தான் கத்தினார்கள், அதனால் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

அவர்கள் போன பிறகு நைனாவின் முறை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. நீ இன்னான்னா ரெண்டு பேர் துட்டையும் ஒண்ணா கொட்டணும்ன்ற. நாளிக்கி எது யாருதுன்னு எப்டி தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான் நைனா" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் முதல் நிச்சயத்தில் எது யாருடையது என்று எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வாலாஜாபாத்காரர்கள் நிச்சயத்தை முறித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்று, "எங்க மோதிரத்தக் குடுத்துடுங்க" என்று கேட்க முடிந்தது. மோதிரம் கழலவில்லை. தெருவே பார்க்க, குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழற்றினேன். நீதான் சொம்பில் தண்ணீர் ஊற்றினாய். விரல் தோல் உரிந்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் அதைத் துணியில் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொண்டு போனதுதான் இன்னும் எரிகிறது.

இந்த முறை என் விரலில் ஏறுவதில் பாதி என்னுடையதாக இருக்கும். அது இல்லாவிட்டால் இந்த நிச்சயதார்த்தமே எனக்கு வேண்டாம். அருள்தாஸிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

நீ சொன்னது சரி, ஆசாரி ஆடியில் உருக்க மாட்டாராம். ஆவணியில் கொடுக்கிறேன்.

அக்கா,
சோபியா

*

திண்டுக்கல்,
1 செப்டம்பர் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். நான் சுகம். ஆகஸ்டு மாதம் கடிதம் எழுதவில்லை, மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தேன், மணி அடித்துவிட்டார்கள்.

மாதா திருநாளுக்குக் கொடிமரத்துக்கு வெள்ளை அடிக்கிறோம். கத்தரி நன்றாகக் காய்க்கிறது. எடை கொஞ்சம் குறைந்திருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. பெரிய சிஸ்டர் ஒருவர் எனக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறார். தோட்டத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. காதில் வேப்பங்குச்சி சொருகியிருக்கிறேன். எனக்குச் சின்ன வயதில் இடது காது தூர்ந்துபோய் மறுபடி குத்தினார்கள் அல்லவா, அதனால்தான்.

மற்றபடி விசேஷம் இல்லை. குழாயடியை எழுதியிருந்தாய். நானும் மறக்கவில்லை.

ஆவணி வந்துவிட்டது. கம்மல் உருகியிருக்கும் என்று நினைக்கிறேன். உருகியிருந்தால் நல்லது.

தங்கை,
மேரி

*

உத்திரமேரூர்,
15 செப்டம்பர் 2024

அன்பு மேரிக்கு,

நாங்கள் நலம். நீ மெலிந்துவிட்டாய் என்று தெரிந்ததும் அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்பலாமா என்று மதரிடம் கேட்டு எழுது.

வழக்கம்போல உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தரிக்காய்க்குத் தலையாட்டினாள். தையலுக்குச் சிரித்தாள். குச்சி என்று வந்ததும் முறத்தில் இருந்த கை நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு அவ குச்சி வச்சிக்கினு கீறா?" என்றாள்.

"காது தூந்துடும்னுதான்" என்றேன்.

"தூந்தா இன்னா? கன்னியாஸ்திரி காதுக்கு ஓட்டை எதுக்கு?"

அம்மா மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவுடைய சொந்தக் கம்மல் ஒரு வருஷம் ஏலத்துக்குப் போய்விட்டது. அந்தச் செய்தியை அவள் வாயால் சொல்லவே இல்லை. காதிலிருந்த குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள், நாம் தெரிந்துகொண்டோம்.

உன் கம்மல் உருகவில்லை. நேற்று ஆசாரி கடைவரைக்கும் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யாருடைய நகைக்கோ பொடி வைத்துப் பற்றவைக்கும் வேலையில் இருந்தார், "உக்காரும்மா" என்றார். உட்காராமல் திரும்பிவிட்டேன். பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கேதான் இருக்கும். எவ்வளவு நாளானாலும் இருக்கும்.

தைத்துப் பழகு, நல்லதுதான். எங்கே இருந்தாலும் உதவும்.

அக்கா,
சோபியா

*

திண்டுக்கல்,
6 அக்டோபர் 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

கடவுள் உங்கள் எல்லாரையும் காப்பாராக. நான் சுகம். முறுக்கு வேண்டாம், அம்மாவைச் சிரமப்பட வேண்டாமென்று சொல்.

கம்மலை உருக்கிவிடு அக்கா. உன் பங்கு குறையக்கூடாது. பாதி உன்னுடையதாக இல்லாவிட்டால் நிச்சயமே வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். என் சாமானால் உன் காரியம் கெடக்கூடாது. நான் கொடுத்தது கொடுத்ததுதான். நான் புறப்பட்ட அன்று நம் பங்குக் கோயிலில் எனக்குச் சால்வை போட்டு, கைதட்டி, வேன் வைத்து அனுப்பினார்கள். நைனா அந்தச் சால்வையை அப்போதே ஆணியில் மாட்டிவிட்டார். இருக்கட்டும்.

குச்சியை எடுத்துவிடத்தான் நினைக்கிறேன். மறந்துவிடுகிறது.

தங்கை,
மேரி

*

உத்திரமேரூர்,
20 அக்டோபர் 2024

அன்பு மேரிக்கு,

நலம், நலமறிய ஆவல். மழை பிடித்துக்கொண்டது, ஏரி பாதி நிரம்பிவிட்டது, அம்மாவுக்கு நடவு வேலை வந்துவிட்டது.

உருக்கிவிடு என்று எழுதியிருக்கிறாய். அக்கா சொல்வதைத் தங்கை கேட்பதுதான் நம் வீட்டு வழக்கம். மாற்றிப் பழக்கமில்லை.

அருள்தாஸை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்துப் பேசினேன். பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் பாதி, பாதி என்று ஊரைக் கூட்டியது நான். இப்போது என் பாதிதான் குறைகிறது.

"என் பங்கு கொறஞ்சி போச்சிங்க. கம்மல் சேர்க்க முடியாது" என்றேன்.

"சரி. மீதிய நான் போட்டுடறேன்."

"அப்ப அது பாதி இல்லியே."

டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார். இன்னொரு டீ சொன்னார். வாலாஜாபாத் கூட்டம் வாசலில் நின்ற அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"அப்ப நானும் கொறச்சிக்கிறேன்" என்றார் கடைசியில். "உன்னுது எவ்ளோவோ என்னுதும் அவ்ளோ. மெல்லிசா வாங்கிக்கலாம்."

"உங்க அம்மா?"

"அது கத்தும். காபி குடு." அப்புறம் கேட்டார், "கம்மலுக்கு இன்னா ஆச்சி?"

"அதுக்கு வேற வேல கீது."

அதற்கு மேல் கேட்கவில்லை. மேரி, எனக்கு அவரை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது. பேசாமடந்தை என்று இனிமேல் கேலி செய்யாதே.

காஞ்சிபுரத்தில் நகைக்கடைக்காரர், "இதுக்குக் கொறச்சி மோதிரம் இல்லம்மா, கம்பிதான் கீது" என்றார். வாங்கிவிட்டோம். இரண்டு பேர் காசையும் ஒரே கவரில் போட்டு நீட்டினேன், அவர் எண்ணிக்கொண்டார். அருள்தாஸின் தடித்த விரலில் அது எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே என் காரியம் கெடவில்லை. உன்னால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. கம்மல் அதே புடவைக்கு அடியில்.

அக்கா,
சோபியா

*

உத்திரமேரூர்,
1 டிசம்பர் 2024

அன்பு மேரிக்கு,

நாங்கள் சுகம். உன் நவம்பர் கடிதம் வரவில்லை. தபால்காரர் நம் வேலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து உட்காருகிறாள், அந்த முழங்காலோடு. நீ சுகமா என்று ஒரு வரியாவது எழுது.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. கோயில் வளாகத்தில் சின்னதாகப் பந்தல். உபதேசியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல, "மாப்பிள்ளை வீட்டார் மணமகளுக்கு அன்புடன் அணிவிக்கும் மோதிரம்" என்று ஆரம்பித்தார். அருள்தாஸ் எழுந்துபோய் மைக்கை வாங்கி, "ரெண்டு மோதிரமும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கனது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாழ்நாளில் மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுவாகத்தான் இருக்கும்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லார் கண்ணும் அவர் அம்மா மேல். அவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அதான் சொல்லிட்டான்ல, மாட்டுங்க. பிரியாணி ஆறிப்போவுது" என்றார்கள். மாட்டினோம்.

தெருக்கோடி அம்முலு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மோதிரம் எங்கடி கீது?" என்றாள். அம்மா விட்டாளா? "விரலுக்கேத்த வீக்கம் போதும், நீ போய் சாப்புடு" என்று அனுப்பினாள்.

அன்றைக்கு அம்மாவை உன் கம்மலைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெறும் காதோடு நிற்கிறாளே என்று. "அது அவளுது" என்று சொல்லிவிட்டாள்.

ராத்திரி அம்மாவும் நைனாவும் வாசலில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மறுநாள் நைனா உன் கட்டிலில் கிடந்த ரேஷன் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டினார். சால்வையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

பதில் எழுது.

அக்கா,
சோபியா

*

திண்டுக்கல்,
5 ஜனவரி 2025

என் அக்காவுக்கு,

நைனா, அம்மா, நீ எல்லாரும் நலமா? நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நவம்பரிலும் டிசம்பரிலும் எழுதவிடாமல் என்னை யாரும் தடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் பொய்யாக வந்தது. அதை மதர் கையில் படிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மதர் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தவர்கள். மதர் நம் காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல்காரர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை நாள் புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசியவர்கள், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு திடீரென்று நம் பேச்சுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க வூட்லயும் கம்மல் அடகுக்குப் போவும்டி. எங்கம்மாவும் குச்சிதான் வச்சி வுடும். இங்க வந்த புதுசுல என் காதுலயும் குச்சி இருந்துச்சி. ஒரு நாள் நானே எடுத்து எறிஞ்சிட்டேன், அதோட மறந்தும் பூட்டேன். நீ எடுக்கல. உங்கக்காவும் உருக்கல. நான் இன்னாத்த சொல்றது?"

நான் அழுதுவிட்டேன். அவர்கள் அழாமல் நின்றார்கள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. குழாயடியில் நான் தண்ணீர் ஊற்றிய அன்றுதான் மடத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன். எவனும் என் விரலில் எதையும் மாட்டவும் வேண்டாம், வந்து கழற்றவும் வேண்டாம் என்று நினைத்தேன். அதைப் போய் இறை அழைப்பு என்று எல்லாரிடமும் சொன்னேன். நானும் நம்பினேன். பயத்துக்கும் அழைப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை அக்கா. நீ ஆளுக்குப் பாதி என்று எழுதிய பிறகுதான் பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பயம் போனதும் பார்த்தால், இங்கே இருப்பதற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை.

ஊர் என்ன பேசும் என்று தெரியும். பேசட்டும். நைனா கட்டிலுக்குக் கயிறு கட்டியதை நீ எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

இதை மதர் படிக்கவில்லை. மடித்துக் கொடு என்று வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, நம் முகவரியை மட்டும் அவர்கள் கையாலேயே எழுதினார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி உத்திரமேரூர் பஸ் பிடிக்கிறேன். நைனாவும் அம்மாவும் வீட்டில் இருக்கட்டும், நீ மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வா. வரும்போது புடவைக்கு அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு வா. வெறும் காதோடு நம் தெருவுக்குள் நுழைய மாட்டேன். இங்கே கண்ணாடி கிடையாது, மாட்டுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. குச்சியை எடுத்துவிட்டு நீதான் மாட்டிவிட வேண்டும்.

உன் தங்கை,
மேரி